கெப் வண்டியில் பாரமான இயந்திரம் இழுக்கலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது டபுள் கெப்பின் பின்னால் ஏதாவது ஒன்று இழுபடுவதைக் காணலாம். மினி எக்ஸ்கவேட்டர், உழவு இயந்திரம், ஜெனரேட்டர், படகு என்று எல்லாமே போகின்றன. கெப் வாங்கப் போகிறவர்களும், கையில் இருக்கிற கெப்புக்கு டிரெயிலர் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. முதல் மூன்று பதில்களையும் வாசித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் அவற்றில்தான் நிற்கிறது.

டபுள் கெப் எண்டால் எவ்வளவு பாரம் இழுக்கும்? ஒரு கணக்குச் சொல்லுங்கோ.

எல்லாக் கெப்புக்கும் பொதுவான ஒரு கணக்கு கிடையாது. அண்மைக்கால ஃபோர்ட் ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ், நிசான் நவாரா போன்றவற்றின் நாலு சக்கர இயக்க டீசல் வகைகளுக்குப் பல நாடுகளில் 3,500 கிலோ என்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறார். அது டிரெயிலருக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெயிலர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். முந்திய தலைமுறை ஹைலக்ஸ் பலவற்றில் பிரேக் உள்ள டிரெயிலருக்கே 2,500 கிலோ அல்லது அதற்கும் குறைவு.

ஒரே பெயர்ப் பலகை உள்ள வண்டியிலும் என்ஜின், கியர் பொக்ஸ், இரண்டு சக்கர இயக்கமா நாலு சக்கர இயக்கமா, எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்பவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி இழுக்கிறதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். உங்கள் வண்டியின் தகட்டையும் கைநூலையும் பாருங்கள்.

ஜி.வி.எம்., ஜி.சி.எம். எண்டு சொல்லுறாங்கள். எதைப் பார்க்க வேணும்?

இரண்டையும் பார்க்க வேண்டும். ஜி.வி.எம். என்பது ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்துக் கெப் மட்டும் இருக்கக்கூடிய உச்ச எடை. ஜி.சி.எம். என்பது கெப்பும் டிரெயிலரும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. சாரதிப் பக்கக் கதவுத் தூணிலோ பொனட்டுக்குள்ளோ உள்ள சிறு தகட்டில், பல வண்டிகளில் நாலு எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும்: முதலாவது ஜி.வி.எம்., இரண்டாவது ஜி.சி.எம்., பிறகு முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவது எண்ணே இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு உற்பத்தியாளர் இழுவை அனுமதி தராமலும் இருக்கலாம். கைநூலில் உறுதி செய்யாமல் பூட்ட வேண்டாம்.

ஒரு உதாரணம். ஜி.வி.எம். 3,200, ஜி.சி.எம். 6,000, வெறும் வண்டி 2,200 கிலோ என்று வைப்போம். பின்னால் 3,500 கிலோ பூட்டினால் கூட்டு எடை 5,700. மிச்சம் 300 கிலோ. சாரதியும் மூன்று உதவியாட்களும் ஏறினால் அதுவே தீர்ந்துவிடும். தட்டில் ஒரு டீசல் பீப்பாய் வைக்கவும் இடமில்லை. விளம்பரத்தில் இருக்கும் 3,500 உண்மையான எண்தான். ஆனால் அது வண்டி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்போது மட்டும் கிடைக்கிற எண்.

மினி எக்ஸ்கவேட்டர் 1.7 தொன் தானே? அதுக்கு 2 தொன் இழுக்கிற வண்டி காணாதா?

காணாது. இயந்திரம் 1,700 கிலோ. அதைத் தாங்கும் இரட்டை அச்சு டிரெயிலர் 600 முதல் 700 கிலோ வரும். கூடுதல் பக்கெட், சங்கிலி, கிரீஸ், டீசல் கேன் என்று இன்னொரு 100. எல்லாம் சேர்த்தால் 2,500 கிலோ. நாலு சக்கர உழவு இயந்திரத்தை அதன் ரொட்டவேட்டரோடு ஏற்றினால் 3,000 கிலோவை எட்டிவிடலாம். பெக்கோ எனப்படும் ஜே.சி.பி. வகை இயந்திரம் ஏழு தொன்னுக்கு மேல் வரும். அது எந்தக் கெப்புக்கும் உரியதல்ல. தட்டு தாழ்ந்த லோபெட் லொறியைத்தான் பிடிக்க வேண்டும்.

ஊகிக்காமல் நிறுத்துப் பார்ப்பதே நல்லது. பெரிய அரிசி ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் வாகனத் தராசு இருக்கும். மூன்று முறை நிறுங்கள்: முழு இணையும் தராசில், கெப் மட்டும் தராசில், டிரெயிலரைக் கழற்றி அது மட்டும். மூன்று சீட்டையும் வண்டியிலேயே வையுங்கள். இந்தக் கணக்கில் எங்கள் கருத்து ஒன்றுதான்: அனுமதித்த எடையில் முக்கால்வாசிக்கு மேல் வழக்கமாக இழுக்கிறவர் இன்னும் பெரிய வண்டிக்கு மாற வேண்டும்.

என்னட்ட கார் லைசன்ஸ் இருக்கு. அதோட ஓடலாம் தானே?

பெரும்பாலும் முடியாது. இலங்கையில் பி வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இணைக்கக்கூடியது இலேசான சிறு டிரெயிலர் மட்டும். இயந்திரம் ஏற்றும் டிரெயிலர் அந்த வரம்புக்குள் அடங்காது. பாரமான டிரெயிலர் இணைத்த லொறிக்கென்று சி.இ. வகுப்பு தனியாக இருக்கிறது. உங்கள் டிரெயிலரின் வெற்று எடையையும் முழு எடையையும் தாளில் எழுதிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், எந்த வகுப்பு தேவை என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

டிரெயிலரையும் தனியாகப் பதிய வேண்டும். அதற்கென்று இலக்கத் தகடும் வருமான அனுமதிப்பத்திரமும் தேவை. கராஜில் செய்வித்த டிரெயிலர் என்றால் செய்வதற்கு முன்னரே திணைக்களத்தில் நிபந்தனைகளைக் கேளுங்கள். செய்து முடித்த பிறகு அச்சையோ விளக்கையோ மாற்றுவது இரட்டைச் செலவு. காப்புறுதி நிறுவனத்துக்கும், இந்த வண்டி டிரெயிலர் இழுக்கிறது, கூலிக்கு ஓடுகிறது அல்லது ஓடவில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். சொந்தப் பாவனை என்று எடுத்த காப்புறுதியோடு கூலிக்கு இயந்திரம் ஏற்றி விபத்தானால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஒட்டோ நல்லதா மெனுவலா? சிங்கிள் கெப்பா டபுள் கெப்பா?

இழுவைக்கு ஒட்டோ கியர் நல்லது. நின்று எடுக்கும்போது கிளட்ச் எரியாது. ஆனால் கியர் எண்ணெய் சூடாவதுதான் அதன் பலவீனம். எண்ணெய்க்குத் தனி கூலர் இருக்கிறதா என்று பாருங்கள், கைநூலில் சொன்ன காலத்தின் பாதியில் எண்ணெயை மாற்றுங்கள். ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தடுமாறினால் மெனுவல் நிலைக்குத் தள்ளி ஒரு கியர் குறைத்துப் பிடியுங்கள். நாலு சக்கர இயக்கமும் தாழ் கியரும் படகுத் துறையிலும் வயல் வரம்பிலும்தான் பயன்படும். ஆனால் அங்கே அவை இல்லாவிட்டால் வேலையே நடக்காது.

தட்டில் சாமானும் பின்னால் டிரெயிலரும் சேர்ந்து போகிறவருக்குச் சிங்கிள் கெப் மேல். வெற்று எடை குறைவு, தட்டின் பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழும். டபுள் கெப்பில் தட்டின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது.

2012 வண்டி ஒண்டு வந்திருக்கு. செசியில எங்க பார்க்க வேணும்?

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றதால் சந்தையில் பழைய கெப்கள்தான் அதிகம். அதோடு திருகோணமலை கடற்காற்று ஊர். உப்புவெளி, குச்சவெளிப் பக்கம் பத்து வருடம் ஓடிய வண்டியில் மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான செசி இற்றுப்போயிருக்கும்.

வண்டியைத் தூக்கி, கையில் சிறு சுத்தியலோடு கீழே போங்கள். முதலில் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் தாங்கிகள், முன் முனையும் பின் முனையும். இரண்டாவது, பின் சக்கரத்துக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடம். உப்பு கலந்த சேறு அங்கேதான் தங்கும். மூன்றாவது, கெப் முடிந்து தட்டு தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே. மெதுவாகத் தட்டினால் நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், இற்ற இரும்பு மண் சட்டி போலச் சத்தம் போடும். கருந்தார் பூசிப் புதிதாகக் காட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சுக்குக் கீழே துருச் செதில் அடுக்கடுக்காக வந்தால் அந்த வண்டியை இழுவைக்கு எடுக்காதீர்கள். மூன்றாவது இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே மிகையாக இழுத்த வண்டி.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு பாரம் இழுக்க வேண்டாம்.

எங்கட பாஸ் பம்பரில ஹூக் ஒட்டித் தாறன் எண்டார். செய்யலாமா?

செய்யாதீர்கள். பம்பர் மெல்லிய தகடு, பிரேக் போடும் நேரம் இரண்டு தொன் முன்னால் தள்ளும்போது அது கிழிந்துவிடும். டிரெயிலரைப் பூட்டும் இரும்புச் சட்டமான டோ பார், செசியின் இரண்டு நெடுங்கைகளிலும், ஏற்கெனவே உள்ள துளைகளில், 8.8 அல்லது அதற்கு மேல் என்று தலையில் பொறித்த போல்ட்டுகளால் பூட்டப்பட வேண்டும். செசியில் வெல்டிங் வைத்தால் ஒட்டின் ஓரத்தில் இரும்பு கடினமாகி, அந்த ஓரத்திலிருந்தே வெடிப்பு ஓடும். செசியின் மேல், கீழ் விளிம்பில் புதுத் துளை போடுவதும் அதே அளவு பிழை.

டோ பாரில் உள்ள பந்தும், அதன்மேல் பூட்டும் டிரெயிலரின் கப்ளிங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் பந்தும் ஒன்றேமுக்கால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டிய பழைய பந்தும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும். சிறிய பந்தில் பெரிய கப்ளிங் பூட்டும், பிறகு பள்ளத்தில் குதித்துக் கழன்றுவிடும். பூட்டிய பின் டிரெயிலரின் முன் ஜக்கை உயர்த்திப் பாருங்கள். கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போட்டு, பந்தில் அல்லாமல் டோ பாரின் வளையங்களில் மாட்டுங்கள். கப்ளிங் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொங்கும்.

மூக்குப் பாரம் எவ்வளவு இருக்க வேணும்? அதை எப்பிடி நிறுக்கிறது?

கப்ளிங் பந்தில் அழுத்தும் எடைதான் மூக்குப் பாரம். இயந்திர டிரெயிலருக்கு மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு நல்லது. 2,500 கிலோவுக்கு 250. டோ பாரின் தகட்டில் இதைவிடக் குறைந்த வரம்பு போட்டிருந்தால் அதுதான் முடிவு. மூக்குப் பாரம் போதாவிட்டால் டிரெயிலர் ஆடும். மிகையானால் பின் அச்சு அழுந்தி முன் சக்கரம் இலேசாகும். பந்து பின் அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இருந்து, சக்கரங்களுக்கிடை நீளம் 3.2 மீட்டர் என்றால், 350 கிலோ மூக்குப் பாரம் பின் அச்சில் ஏறக்குறைய 480 ஆக விழும். முன் அச்சிலிருந்து 130 கிலோ கழியும். ஸ்டியரிங் கையில் வெறுமையாகத் தெரிவது அதனால்தான்.

நிறுக்க ஒரு வழி: உடல் எடை பார்க்கும் சாதாரணத் தராசு, ஒரு கல், உறுதியான மரத்துண்டு போதும். மரத்தின் ஒரு முனையைக் கல்லில் வைத்த குழாய்த் துண்டிலும் மறு முனையைத் தராசில் வைத்த குழாய்த் துண்டிலும் மட்டமாக ஏற்றுங்கள். இரண்டுக்கும் இடை சரியாக 4 அடி. முதலில் வெறும் மரத்துக்குத் தராசு காட்டும் எண்ணைக் குறியுங்கள். பிறகு கல் பக்கத்திலிருந்து 1 அடியில் டிரெயிலரின் மூக்கை இறக்குங்கள். காட்டும் எண்ணில் மரத்தின் எண்ணைக் கழித்து 4ஆல் பெருக்கினால் மூக்குப் பாரம். டிரெயிலர் மட்டமான தரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்க வேண்டும். கூடினால் இயந்திரத்தைப் பின்னால், குறைந்தால் முன்னால் நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் டிரெயிலர் தளத்தில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை அந்தக் கோட்டில் ஏற்றினால் போதும்.

கெப்பில பிரேக் நல்லாப் பிடிக்குது. டிரெயிலருக்கும் பிரேக் வேணுமா?

750 கிலோவுக்கு மேல் கட்டாயம் என்று வையுங்கள். முதல் பதிலில் சொன்ன எண் அதுதான். டிரெயிலர் கெப்பை முன்னால் தள்ளும் விசையிலேயே இயங்கும் பிரேக் இரண்டு தொன் வரை போதும். அதற்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் மின் பிரேக், சாரதி கைக்கெட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி, டிரெயிலர் கழன்றால் தானாகப் பிடிக்கும் பட்டரி அமைப்பு மூன்றும் வேண்டும். அவுஸ்திரேலியாவில் சட்டமும் ஏறக்குறைய இதுவே. அந்த அளவைப் பின்பற்றுவது நம் வீதிக்கும் பொருந்தும்.

மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் திரவம் கொதித்துப் பெடல் உள்ளே இறங்கிவிடும். இறக்கம் தொடங்கும் முன்னரே கியரைக் குறைத்து, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சிக்னல் போட்டால் பின்னால எல்லா லைட்டும் மங்கலா மினுங்குது. ஏன்?

எர்த் கம்பி பிடிக்கவில்லை. ஏழு முனை பிளக்கில் வெள்ளைக் கம்பிதான் எர்த். அதை டிரெயிலர் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முறுக்கி, கிரீஸ் பூசுங்கள். மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்திருந்தால் சுரண்டி நேரத்தை வீணாக்காமல் பிளக்கையே மாற்றுங்கள்.

படகு டிரெயிலரைக் கடலுக்குள்ள இறக்கினால் பெயாரிங் அடிக்கடி போகுது.

ஓடி வந்த சூட்டோடு இறக்குவதுதான் காரணம். சூடான ஹப் குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு இறக்குங்கள். ஏற்றியதும் நல்ல தண்ணீரால் ஹப், பிரேக், ஸ்பிரிங் பட்டைகளைக் கழுவுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பெயாரிங்கைக் கழற்றிக் கடல் வேலைக்குரிய கிரீஸ் ஏற்றுங்கள். எந்தப் பயணத்திலும் முதல் 15 கிலோமீட்டரில் நிறுத்தி நாலு ஹப்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நில்லுங்கள்.

எக்ஸ்கவேட்டரை ஏத்திட்டு ஒரு கயிறு போட்டால் போதும் தானே? பாரமான சாமான் எங்க போகப்போகுது?

பாரமானதால்தான் போகும். பிரேக்கில் வண்டி நிற்கும், இயந்திரம் நிற்காது. முன்னோக்கி இயந்திர எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். நைலோன் கயிறு இந்தக் கணக்கிலேயே வராது. நாலு மூலையிலும் தனித்தனிச் சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இறுக்கும் கருவி, இயந்திரத்தின் சட்டத்தில் உள்ள கட்டுக் கண்களில். சங்கிலிச் சக்கரப் பட்டையிலோ ஹைட்ரோலிக் குழாய் பக்கத்திலோ மாட்டக் கூடாது. பக்கெட்டைத் தளத்தில் இறக்கி அழுத்தி, சுழலும் பகுதியின் பூட்டுக் கம்பியைப் போடுங்கள். மழையில் இரும்புத் தளத்தில் இரும்புப் பட்டை வழுக்கும். மாரிக்காலத்தில் பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கிண்ணியாப் பாலத்தில ட்ரெயிலர் ஆடத் தொடங்கிச்சு. பிரேக் அடிக்கிறதா, வேகம் கூட்டுறதா?

இரண்டும் வேண்டாம். அக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராக அசையாமல் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் ஆட்டம் கூடும். கெப் பிரேக்கை மிதித்தால் டிரெயிலர் கெப்பை முந்தப் பார்க்கும். மின் பிரேக் இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் டிரெயிலர் பிரேக்கை மட்டும் கையால் இழுங்கள், டிரெயிலர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும்.

கச்சான் காலத்தில் களப்பைத் தாண்டும்போது பக்கக் காற்று பலமாக அடிக்கும். பாலத்தில் ஏறும் முன்னரே வேகத்தைக் குறையுங்கள். காற்று ஆட்டத்தைத் தொடக்கும், ஆனால் அது தொடர்ந்து வளர்வது பெரும்பாலும் மூக்குப் பாரம் போதாததால். மேலே சொன்ன மரத்துண்டுக் கணக்கைத் திரும்பச் செய்து பாருங்கள். இழுவையோடு 60 கிலோமீட்டரைத் தாண்டத் தேவையில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும். மூன்று தொன் பின்னால் இருக்கும்போது அதற்காகச் சட்டென்று நிற்கவும் முடியாது, விலத்தவும் முடியாது. இயந்திரத்தை அந்த வீதியால் பகலில் கொண்டு போங்கள்.

பட்டை ரெண்டு கூட்டிப் போட்டால், ஏர் பேக் வைச்சால் கூட இழுக்கலாமோ?

கூடாது. பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஜி.வி.எம்., ஜி.சி.எம்., பின் அச்சு வரம்பு எதுவும் உயராது. செசி, பிரேக், அச்சு எல்லாம் அதே பழையவைதான். கேடு என்னவென்றால், முன்பு வண்டி தாழ்ந்து உங்களுக்கு எச்சரிக்கை தந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. ஏர் பேக் செசியின் நடுவில் ஒரு புள்ளியில் மேல்நோக்கித் தள்ள, மூக்குப் பாரம் கடைசியில் கீழ்நோக்கி அழுத்த, செசி கெப்புக்குப் பின்னால் வளையும். பழைய வண்டியில் பார்க்கச் சொன்ன அந்த மூன்றாவது இடம் இதுதான்.

ஒரே ஒரு நாளைக்கு, கந்தளாய் வரைக்கும்தான். நாலு தொன்னை மெதுவா இழுத்தால் என்ன?

மெதுவாகப் போனாலும் பிரேக் நிறுத்த வேண்டிய எடை குறையாது. முன்னால் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் மணிக்கு 40 கிலோமீட்டரிலும் நாலு தொன் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். வரம்பு மீறிய எடையோடு விபத்து நடந்தால், காப்புறுதியும் வழக்கும் தராசுச் சீட்டில் இருந்தே தொடங்கும்.

அந்த ஒரு நாளுக்கு லோபெட் லொறியையோ தட்டு சரியும் லொறியையோ வாடகைக்குப் பிடியுங்கள். பேசும்போது இயந்திரத்தின் எடை, நீளம், அகலம், உயரம் நாலையும் சொல்லுங்கள். தொலைபேசியில் எடையைக் குறைத்துச் சொன்னால் சிறிய லொறிதான் வரும். ஏற்றும் இடத்தில் தரை இறுகியதா, மேலே மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதையும் முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள்.